நான் முடித்துவைத்த விண்மீன் கல்யாணங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நூற்று அறுபத்து மூன்று விண்மீன் மண்டலங்களின் தலையெழுத்தைத் தீர்மானித்தேன். சாப்பிட்ட பிறகு எண்பது. ஒரு மண்டலத்துக்குப் பத்தாயிரம் கோடி நட்சத்திரம் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொண்டாலும், மாலை நாலு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கியபோது இருபத்துநாலு லட்சம் கோடி நட்சத்திரங்கள் என் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டிருந்தன. வீட்டுக்கு வந்தால் அக்கா, "செருப்பை வாசல்லயே விடுடா" என்கிறாள்.

பழைய நோட்டு நேற்றோடு நிரம்பிவிட்டது. இந்தப் புதிய நோட்டு மட்டும் கையில் கிடைத்தால் பிற்காலச் சரித்திர ஆசிரியர்கள் தவித்துப்போவார்களே என்பதற்காகச் சில விவரங்கள். நான் முப்பத்தோரு வருடம் பேருந்து நிலைய அறிவிப்பாளர். என் குரலைக் கேட்காமல் கிளம்பிய பேருந்து கிடையாது. கேட்டு அழுத குழந்தைகள் உண்டு. இப்போது ஓய்வு. அக்கா வீட்டு மாடி அறையில் அரசாட்சி. அக்காவின் ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்பதால் இந்த நோட்டில் அவள் பெயர் 'மேலிடம்'.

மேலிடத்துக்குத் தொலைநோக்கியிலிருந்து படங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு மண்டலம். அது தனியாக நிற்கிறதா, இன்னொன்றோடு மோதிக்கொண்டிருக்கிறதா என்று மனிதக் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். திரையில் மூன்று பொத்தான்: தனி, மோதல், தெரியவில்லை. ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் பார்க்கிறோம். இரண்டு பேர் சொன்னது எதுவோ அதுவே தீர்ப்பு. ஆள் தேவை என்று துறை வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நான் விண்ணப்பித்தபோது மேலிடம் வேண்டவே வேண்டாம் என்றாள். பேராசிரியர் என் கண்ணை மட்டும் சோதித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். வாயைச் சோதிக்கவில்லை.

மற்ற இருவர்: மருத்துவமனையில் முப்பது வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கிழித்த கண்டக்டர். இரண்டாவது மாடியில், நடைவழியின் கடைசி அறை. சுவரில் மேலிடத்தின் கையெழுத்தில் ஒரு தாள்: "படங்களைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது."

பேசாமல் இருக்க முடிகிற ஆளா நான்?

மார்ச் 6, வியாழன்

சாப்பாட்டு மேசையில் அவமானம். நட்சத்திரமும் நட்சத்திரமும் மோதித் தீப்பொறி பறக்கும், அந்தச் சத்தம் பக்கத்து மண்டலத்தில் பாத்திரம் உருட்டும் என்று அக்காவுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தேன். மேலிடம் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மாமா, சூரியனை ஒரு மிளகுன்னு வெச்சுக்கோ. அடுத்த மிளகு எங்க இருக்கும் தெரியுமா? நூத்தி நாப்பது கிலோமீட்டர் தள்ளி. ரெண்டு கேலக்ஸி ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போனாலும் மிளகும் மிளகும் முட்டிக்காது."

"அப்ப மோதல்னு ஏன் பேரு வெச்சீங்க?"

"இழுப்பு இருக்கே. ஒண்ணு இன்னொண்ணை இழுக்கும். சுருளோட கை பிய்ஞ்சு வாலா நீளும். நடுவுல பாலம் மாதிரி விழும். அதுல இருக்கிற வாயுதான் நிஜமா மோதும், அதுலேர்ந்து புதுசா நட்சத்திரம் பிறக்கும். போயிட்டுத் திரும்பி வந்து, மறுபடி போய், கடைசியில கையெல்லாம் போய் ரெண்டும் சேர்ந்து ஒரே உருண்டை ஆயிடும்."

"எத்தனை நாள் ஆகும்?" இது அக்கா.

"நூறு கோடி வருஷம்மா."

அக்கா என்னைக் காட்டி மகளிடம் சொன்னாள். "உன் மாமா குளிச்சிட்டு வர்ற நேரம்."

ஆக, நாங்கள் பார்ப்பது நூறு கோடி வருடக் கல்யாணத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதைப் பார்த்து மாப்பிள்ளை யார், பெண் யார், வேடிக்கை பார்க்க வந்தவன் யார் என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொன்னாள். தூரத்து மண்டலத்தின் ஒளி நம்மிடம் வந்துசேரப் பல நூறு கோடி வருடம் ஆகிறது. எனவே தூரத்தில் பார்ப்பது என்றால் பழசைப் பார்ப்பது. அதனால்தான் படங்களை இரண்டு கட்டாகப் பிரித்திருக்கிறாள். கிட்டக் கட்டு: ஏறக்குறைய இந்தக் காலம். தூரக் கட்டு: தொள்ளாயிரம் கோடி வருடத்துக்கு முந்தைய காலம். இரண்டிலும் மோதல்களை எண்ணினால், பிரபஞ்சம் இளமையில் எவ்வளவு முட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். அதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பிரபஞ்சத்தின் வாலிபச் சேட்டைகளைப் புலன் விசாரிக்கிறாள். இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் பூமியில் உண்டா?

மார்ச் 11, செவ்வாய்

வேலை நடக்கும் விதம் இது. நான் மின்னல். கண்டக்டர் நிதானம். நான் காலையிலேயே முடித்துவிட்ட படங்கள் அவருக்கு மதியம்தான் வரும். நடுவில் பதினொன்றரைக்குத் தேநீர்.

இன்று தேநீரின்போது தூரக் கட்டிலிருந்து ஒரு ஜோடியை வர்ணித்தேன். மங்கலான இரண்டு பொட்டு, அவ்வளவுதான் படம். ஆனால் நான் சொன்ன விதத்தில் அது எண்ணூறு கோடி வருடக் காதல். இடையில் ஒரு கோபம், ஒரு பிரிவு, ஒரு சித்தப்பாவின் குறுக்கீடு. கண்டக்டர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியதை மறந்துபோனார். பாதி உள்ளேயே கரைந்துவிட்டது.

எக்ஸ்ரே அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "படத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கு."

"நான் எங்க பேசினேன்? அறிவிக்கிறேன்."

"நீங்க அறிவிச்சா இவர் அங்கதான் போவார்."

கண்டக்டர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மதியம் எட்டிப் பார்த்தேன். அந்த ஜோடிக்கு அவர் 'மோதல்' போட்டிருந்தார். மகிழ்ச்சியாக இருந்தது, ரசிகன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

இருநூற்று நாற்பது படம். விரல் ஓய்ந்தது, பிரபஞ்சம் ஓயவில்லை.

மார்ச் 19, புதன்

முதல் கணக்கு வந்துவிட்டது. பிரபஞ்சத்தின் இளமையில் மோதல்கள் இன்றைக்கு இருப்பதைப்போல் ஒன்பது மடங்கு. மற்ற ஆராய்ச்சிகளில் இரண்டு, மூன்று என்றுதான் வந்திருக்கிறதாம். ஒன்பது என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். பேராசிரியர் இரண்டு மாடி ஏறி வந்து எங்கள் மூவரின் கையையும் குலுக்கினார். மூச்சு வாங்கியதால் பேச்சு வரவில்லை.

இது சாதாரண விஷயம் அல்ல. மேலிடத்துக்குக் கொடுத்த காலம் மே மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல் பதினாறாம் தேதி ஒரு குழு உட்கார்ந்து அவளுடைய ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருடம் தொடர விடலாமா, இல்லை மூட்டை கட்டச் சொல்லலாமா என்று முடிவு செய்யும். கையில் ஒன்பது இருந்தால் கேள்வியே இல்லை என்கிறார் பேராசிரியர்.

சாப்பிடும்போது அவள் ஓயாமல் பேசினாள். ஆறு வருடமாக இதற்காகத்தான் உழைத்தாள். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவள் முகம் புரிந்தது. என் இரு கண்களையும் பொன்னில் வார்த்துப் பல்கலைக்கழக வாசலில் வைக்க ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். "வாயையும் சேர்த்தா கல்லு தாங்காது" என்றாள் அக்கா.

மார்ச் 21, வெள்ளி

எக்ஸ்ரே அம்மா மாலையில் என்னை நிறுத்தி வைத்தார். கண்டக்டர் போய்விட்டார்.

"உக்காருங்க அறிவிப்பாளரே. ஒரு கதை சொல்றேன், எனக்கும் ஒண்ணு தெரியும்."

ஒருவருடைய மார்பைப் படமெடுத்தார்களாம். நுரையீரலுக்குள் வட்டமாக ஏதோ ஒன்று. வீட்டில் எல்லோரும் அழுதாகிவிட்டது. பிறகு பார்த்தால் அது சட்டைப் பித்தான். கழற்ற மறந்துவிட்டார்கள். "படத்துல முன்னாடி இருக்கறதும் பின்னாடி இருக்கறதும் ஒரே தாள்ல விழும். ஒட்டியிருக்குன்னு தோணும். உள்ள இருக்கா, மேல இருக்கான்னு கேட்டுக்கிட்டேதான் பாக்கணும்."

பிறகு தூரக் கட்டைத் திறந்தார். மூவரும் முடித்த படங்களுக்குத் தீர்ப்பும் கூடவே வந்துவிடும். ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இதுல வால் எங்க? பாலம் எங்க? கை எங்கயாவது வளைஞ்சிருக்கா?"

இல்லை. இரண்டு பொட்டு. ஒன்று முன்னால், ஒன்று எங்கோ பின்னால். அடுத்ததும் அப்படியே. பித்தான், பித்தான், பித்தான்.

"நானூத்தி பன்னெண்டு எழுதி வெச்சிருக்கேன். எல்லாத்திலயும் நான் 'தனி'. நீங்களும் கண்டக்டரும் 'மோதல்'. ரெண்டுக்கு ஒண்ணு, நான் தோத்துட்டேன்."

"கிட்டக் கட்டுல இப்படி இல்லையே" என்றேன்.

"அதுல படம் தெளிவா இருக்கு. நீங்களே நினைச்சாலும் கதை விட முடியாது. தூரத்துல மங்கல். இடம் நிறைய."

அவர் கைப்பையை எடுத்தார். "நான் போய்ச் சொன்னா அது புகார். நீங்க சொன்னா வேற. உங்க பொண்ணு மாதிரி அது. நீங்க சொல்லுங்க."

மார்ச் 22, சனி

ஒன்பது மடங்கில் எத்தனை மடங்கு வானத்துடையது, எத்தனை மடங்கு என்னுடையது?

மார்ச் 25, செவ்வாய்

காலை. வேறொரு தொலைநோக்கியிலிருந்து அறுபது ஜோடிகளுக்குத் துல்லியமான தூரம் அளந்து அனுப்பியிருக்கிறார்கள். அறுபதும் நாங்கள் 'மோதல்' என்று தீர்ப்பளித்தவை. அதில் முப்பத்தெட்டு ஜோடிகள் பக்கத்தில் பக்கத்திலேயே இல்லை. ஒரு ஜோடியில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே இருநூறு கோடி ஒளியாண்டு.

மேலிடம் இதை என்னிடம் சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே தனக்குத்தானே சொன்னாள். "என் புரோகிராம்லதான் எங்கயோ தப்பு. தூரத்தைச் சேர்க்கற இடத்துல. நான்தான் கவனிக்காம விட்டிருக்கேன்." மடிக்கணினியைத் திறந்து வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். ரொட்டி அப்படியே கிடந்தது.

நான் எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

குடிச்சிட்டு இருந்தேன். வாய் இருக்கு, கண்ணு இருக்கு, அவ எதிர்ல இருக்கா. சொல்றதுக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி முப்பத்தோரு வருஷம் கத்தினவன்தானே—

மார்ச் 26, புதன்

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மதியம் அவள் அறைக்குப் போனேன். மேசை முழுக்கத் தாள், புரோகிராமை அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"பாப்பா, ஒரு நிமிஷம்."

"அப்புறம் வா மாமா, வேலையா இருக்கேன்."

"அப்புறம்னா சொல்ல மாட்டேன்."

திரும்பினாள். 'தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதமாக' என்று லட்சம் முறை தடுமாறாமல் சொன்ன தொண்டை இது. இன்று இருமிவிட்டுத்தான் தொடங்கியது.

"உன் புரோகிராம்ல தப்பு இல்ல. நான்தான் தப்பு. தூரக் கட்டுல மங்கலா எது இருந்தாலும் மோதல்னு போட்டுட்டேன்."

"உன்னோடது ஒரு ஓட்டுதானே. மத்த ரெண்டு பேர்—"

"டீ குடிக்கிறப்போ நான் சொல்லுவேன். மத்தியானம் கண்டக்டர் அப்படியே போடுவார்."

அவள் எழுந்து போய்க் கண்டக்டரை அழைத்து வந்தாள். நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை.

"அண்ணன் சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேம்மா. முப்பது வருஷம் இவர் குரல் சொன்ன இடத்துலதான் எங்க வண்டி நின்னுச்சு. ஒரு தடவைகூடத் தப்பா போனதில்ல."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னை அறைந்ததைப்போல் யாரும் அறைந்ததில்லை.

அவர் போன பிறகு மேலிடம் கேட்டாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வெள்ளிக்கிழமை."

"அப்ப செவ்வாய்க்கிழமை நான் இதை வரி வரியா நோண்டிட்டு இருந்தப்போ, எதிர்ல உக்காந்து டீ குடிச்சே."

"ஆமா."

ஜன்னலைப் பார்த்தாள். தாள்களை ஒன்றாகச் சேர்த்து விளிம்பைத் தட்டினாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க மாமா."

நீங்க. பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை.

மார்ச் 29, சனி

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை, உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள், அது மோசம்.

"அவ ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்போ, நம்ம தெருவுல யானை முட்டை போட்டுச்சுன்னு சொல்லி அனுப்புனியே, ஞாபகம் இருக்கா? அவ போய் வகுப்புல எழுந்து நின்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து என்ன கேட்டா தெரியுமா? 'அவங்கெல்லாம் ஏம்மா நம்ப மாட்டேங்கறாங்க'ன்னு கேட்டா. மாமா பொய் சொன்னாருன்னு சொல்லல."

"தெரியும் அக்கா."

"உனக்குத் தெரியாது. இப்பத்தான் சொல்றேன்."

ஏப்ரல் 2, புதன்

மேலிடம் செய்தது: தூரக் கட்டின் தீர்ப்புகள் அத்தனையையும் அழித்துவிட்டாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். மூவருக்கும் மூன்று தனி அறை, தனித் தேநீர். என் இடத்தில் நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. பேராசிரியர் குழுவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டாராம். இவள் வேண்டாம் என்றுவிட்டாளாம். எல்லாம் அக்கா வழியாக வந்த செய்தி. என்னோடு அவள் சண்டை போடவில்லை. "சாப்பிட்டீங்களா", "கதவைச் சாத்துங்க" என்று மரியாதையாகப் பேசுகிறாள்.

நான் வீட்டில். மதியம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது யோசித்தேன். நம்முடைய மண்டலமும் பக்கத்து மண்டலமும் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. வினாடிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர். நான் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போடுவதற்குள் ஆயிரம் கிலோமீட்டர். அப்படியும் இடைவெளி இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு. இன்னும் நானூறு, ஐந்நூறு கோடி வருடம் கழித்து ஒன்றாய்ச் சேர்ந்தாலும் சேரும், உரசாமல் விலகிப் போனாலும் போகும்; இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது என்று மேலிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய கதைக்கு முடிவு தெரியாதா என்று கேலி செய்தேன்.

இன்று அது பரவாயில்லை என்று தோன்றியது. எட்டுச் சட்டை காயப்போட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டரை.

ஒன்பது மடங்கு இரண்டரை ஆகிவிட்டது. மேலிடம் அவள் அம்மாவிடம் சொன்னாள். எனக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னாளோ என்று ஒரு சந்தேகம். எல்லோருக்கும் வருகிற அதே இரண்டரை. ஊர் திரும்பிப் பார்க்காது. ஆனால் தூரம் அளந்த ஜோடிகளோடு ஒத்துப்போகிறதாம்.

"போதுமாடி அது?" என்றாள் அக்கா.

"போதுமான்னு அவங்கதாம்மா சொல்லணும். ஆனா இது நிஜம்."

ஏப்ரல் 16, புதன்

யாரிடமும் கேட்காமல் போனேன். கூட்டம் எல்லோருக்கும் பொதுதான். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தூண் என்னைவிட ஒல்லி.

மேலிடம் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை. இளம் பிரபஞ்சத்தில் மண்டலங்கள் நெருக்கமாக இருந்தன, முட்டிக்கொண்டன, சேர்ந்து சேர்ந்து பெரிதாயின, இன்று நாம் பார்க்கும் அமைதியான உருண்டைகளில் பல அப்படி வந்தவை. எவ்வளவு அடிக்கடி? இன்றைக்கு இருப்பதைப்போல் இரண்டரை மடங்கு, இவ்வளவு ஏறலாம், இவ்வளவு குறையலாம்.

குழுவில் ஒருவர் தாளைப் புரட்டினார். "போன மாத அறிக்கையில் ஒன்பது என்று இருக்கிறதே?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாம். அது தப்பு" என்றாள். "படங்களைப் பார்த்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். பேசக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டினேன். தனித்தனியாக உட்கார வைக்கவில்லை. அது என் தப்பு. அதில் ஒருவர் என் மாமா. அவராகவே வந்து சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் உங்கள் முன்னால் ஒன்பது என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். குழுவின் ஓரத்தில் இருந்த நரைத்த தலை அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மாமா எவ்வளவு ஏத்திச் சொல்வார்னு அளந்து பாத்தீங்களா?"

சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"இல்லை" என்றாள் மேலிடம்.

"அளக்கலாமே. ஒவ்வொரு கண்ணும் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும்னு தெரிஞ்சா, அந்தச் சாய்வைக் கணக்குல கழிச்சுடலாம். இங்க யாரும் அதைச் சரியாப் பண்ணினதில்ல."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். பேனாவை மூடியபோது தூண் பக்கம் பார்த்தாள். முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

இரண்டு வருடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம். அதற்குள் கண்களை அளந்து காட்ட வேண்டும். பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

ஒன்பதை வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு வருடமும் கிடைத்திருக்கும் என்று பேராசிரியர் சொன்னாராம். "கிடைச்சிருக்கும். ரெண்டாவது வருஷம் மாட்டிருப்பேன்" என்று இவள் சொன்னாளாம்.

மே 6, செவ்வாய்

அழைப்பு வந்தது. அறுநூறு படம், எல்லாம் கணினியில் செய்தவை. எது மோதல், எது இல்லை என்று செய்தவளுக்குத் தெரியும், பார்ப்பவனுக்குத் தெரியாது. எனக்கென்று ஒரு சின்ன அறை. முன்பு துடைப்பமும் வாளியும் வைத்திருந்த இடம். சிம்மாசனத்துக்குப் போதும்.

ஒவ்வொரு படத்தையும் கால்மணி நேரம் பார்த்தேன். வால் உண்டா, பாலம் உண்டா. 'தனி' போட்டேன். 'தனி' போட்டேன். திருந்திய மனிதன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஒரு பெருமிதமும் வந்தது.

மேலிடம் கதவைத் திறந்து பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன மாமா இது, பரீட்சை எழுதற மாதிரி?"

"ஜாக்கிரதையாப் பாக்கறேன்."

"ஜாக்கிரதையெல்லாம் வேணாம். மார்ச் மாசம் எப்படிப் போட்டியோ அப்படிப் போடு. நீ எவ்வளவு புளுகுவேன்னு அளக்கத்தான் உக்கார வெச்சிருக்கேன். திடீர்னு நீ திருந்தினா என் கணக்கு கெட்டுடும்."

மனிதகுல வரலாற்றில் இப்படி ஒரு கட்டளை எந்த மாமாவுக்கும் வந்திருக்காது. முதலிலிருந்து தொடங்கினேன். பழைய வேகம் திரும்பிவிட்டது, அறுநூறும் மூன்றே நாளில் முடிந்துவிடும்.

மே 20, செவ்வாய்

அளவுகள் வந்தன. கதவில் ஒட்டாமல் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் எல்லோருடையதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நிஜத்தில் பத்து மோதல் இருக்கும் இடத்தில் எனக்குத் தெரிவது முப்பத்துநாலு. எதிர்பார்த்ததுதான். ஆனால் எப்போதும் அதே அளவில்தான் ஏற்றுகிறேனாம், ஏற்ற இறக்கம் இல்லையாம். அதனால் கழிக்கச் சுலபமாம். முறையான புளுகன் என்று விஞ்ஞானமே சான்றிதழ் கொடுத்துவிட்டது.

எக்ஸ்ரே அம்மாவுக்குப் பத்துக்கு ஆறு. சந்தேகம் ஜாஸ்தி. கேட்டதும் முகம் சுருங்கியது. "அப்ப எத்தனை பேரோட நிஜமான கட்டியைச் சட்டைப் பித்தான்னு சொல்லியிருப்பேனோ" என்றார். அதைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை, உங்கள் வேலை படமெடுப்பது மட்டும்தானே என்று நினைவுபடுத்தினேன். கொஞ்சம் தெளிந்தார்.

கண்டக்டருக்குப் பத்துக்குப் பத்து. அறுநூறில் ஏழே ஏழு தப்பு. தனியாக உட்கார வைத்தால், அந்தக் கட்டிடத்திலேயே நல்ல கண் அவருடையதுதான். பேராசிரியருக்கே பதினொன்று தப்பு வந்ததாம்.

அந்தக் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் நான் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதை மிகைப்படுத்த எனக்கு வரவில்லை.

மே 27, செவ்வாய்

மறுபடி வேலை. இப்போது ஒரு புதிய விதி: மூவரும் முடித்து, தீர்ப்பும் வந்துவிட்ட படங்களைப் பற்றி மட்டும் வெளியே பேசலாம்.

நாலு மணிக்குக் கண்டக்டரும் நானும் ஒன்றாக நடந்தோம். அவர் வழக்கமாகக் கேட்கிற ஆள். இன்று அவராக ஆரம்பித்தார். காலைக் கட்டில் ஒரு படம்.

"ரெண்டு கேலக்ஸி, அண்ணே. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒரு தடவை ஊடுருவிப் போயிடுச்சு போல. சின்னது திரும்பி நிக்குது, வரலாமா வேணாமான்னு. நடுவுல நூல் மாதிரி ஒரு பாலம். ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் தலையைச் சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியும். அந்த நூல்ல நீலமா மூணு புள்ளி. புதுசாப் பிறந்த நட்சத்திரக் கூட்டமா இருக்கும்."

இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் மூடிக்கொண்டேன். அவர் வீட்டுத் திருப்பம் வந்தது. அங்கேயே நின்று, அந்த மூன்று புள்ளிகளும் எப்படி ஒரே கோட்டில் இல்லை என்பதைக் குடை நுனியால் தரையில் போட்டுக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர் எங்களைத் தாண்டிப் போய்த் தண்ணீர் தெளித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். 'மோதல்' என்றுதான் போட்டேன். பாலத்தைப் பார்த்துப் போட்டதல்ல.